லிங்கியூ தண்ணீர் ருசியா இருக்கா என்று கேட்டார்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

உட்லண்ட்ஸ்வாசி:
போன பள்ளி விடுமுறையில் ஜொகூரில் இருக்கிற கோத்தா திங்கி போனோம். அருவி கதையெல்லாம் விடுங்கள். திரும்பும்போது சாலையோரம் ஒரு பெரியவர் பெத்தாய்க் காயைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு விற்றார். ஜாக்குன் என்ற பழங்குடி இனத்தவர். என் சிங்கப்பூர் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு மலாயில், "லிங்கியூ தண்ணி ருசியா இருக்கா?" என்றார். நாம் குடிக்கும் தண்ணீருக்காக ஜொகூரில் கட்டிய லிங்கியூ அணையைச் சொல்கிறார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கயிறு அறுக்கிற கத்தியை வடக்குப் பக்கம் நீட்டி, "எங்க அப்பா வேட்டையாடின காடு, இப்போ அதுக்கு அடியில" என்றார். அந்த நேரம் பார்த்தா என் மகள் பின்சீட்டில் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிக்க வேண்டும்! பணத்தை நீட்டிவிட்டு மீதிகூட வாங்காமல் கிளம்பிவிட்டேன்.

கிளமெண்டி_கணக்கர்:
நாம் என்ன திருடியா குடிக்கிறோம்? 1990 தண்ணீர் ஒப்பந்தப்படி நில இழப்புக்கென்று ஜொகூருக்கு 320 மில்லியன் ரிங்கிட் கொடுத்தாயிற்று, பிரீமியமும் வாடகையும் தனி. அணை கட்டிய செலவும் நம்முடையது. நாம் தண்ணீர் எடுக்கும் ஜொகூர் ஆற்றில் உப்பு ஏறாமல் இருக்கத்தான் அங்கிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். பெரியவர் கேட்க வேண்டிய இடம் வேறு.

தெலுக்_பிளாங்கா_அக்கா:
கேட்டார்களே தம்பி! இதே லிங்கியூ நிலத்துக்காக 52 ஜாக்குன்கள் ஜொகூர் அரசு மேல் வழக்குப் போட்டார்கள், அடோங் குவாவ் வழக்கு. 1954 பழங்குடியினர் சட்டப்படி கிடைத்தது மரத்துக்கும் பயிருக்குமான இழப்பீடுதான். காட்டையே நம்பிப் பிழைத்ததற்கு என்ன விலை என்று கேட்டார்கள். 1996இல் உயர் நீதிமன்றம் 26.5 மில்லியன் ரிங்கிட் கொடுக்கச் சொன்னது. 320 எங்கே, 26.5 எங்கே? அதுவும் கோர்ட் வாசல் ஏறிய பிறகு.

என் கதை சின்னது. டாக்ஸி ஓட்டிய மலாய் அங்கிள் ஒருவர், பூலாவ் செக்கிங்கில் பிறந்தவர். அந்தத் தீவு இப்போது செமாக்காவ் குப்பைக் கிடங்கோடு சேர்ந்துவிட்டது. புளோக் கீழே குப்பைத்தொட்டி லாரியைப் பார்த்து, "எரிச்ச சாம்பல் எல்லாம் என் வீட்டுக்குத்தான் போகுது" என்றார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான் இறங்கவே மறந்துவிட்டேன். நம் அரசமைப்பின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களைப் பூர்வகுடிகள் என்கிறது. கல்வி, சமயம், மொழி எல்லாம் அதில் இருக்கிறது, நிலம் என்ற சொல்தான் இல்லை.

ஈசூன்_அண்ணன்:
எனக்குச் சொல்ல அனுபவம் ஒன்றும் இல்லை, ஜொகூர் கரையில் ஒராங் செலேத்தார் என்ற கடல் பழங்குடியினரின் படகுகளைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் ஒன்று. அடோங் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். அதில் கிடைத்தது காட்டில் நடமாடவும் பிழைக்கவும் உள்ள உரிமைதான். 2002இல் சாகோங் தாசி வழக்கில்தான், சிலாங்கூரில் டெங்கில் பக்கம் விமான நிலைய நெடுஞ்சாலைக்கு எடுத்த இடத்தில், தெமுவான் பழங்குடி மக்களுக்கு நிலத்தின் மேலேயே உரிமை உண்டு என்றது நீதிமன்றம். 2005இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அதைப் படியுங்கள். உட்லண்ட்ஸ் தம்பி, அடுத்த முறை போனால் ஓடி வராமல் உட்கார்ந்து பேசுங்கள், மலாயில் பெயர் கேளுங்கள், பேரம் பேசாதீர்கள், மீதியை விட்டதைத் தர்மம் என்று நினைக்காதீர்கள். அப்புறம் பெத்தாயை ஃபிரிட்ஜில் மூடாமல் வைக்காதீர்கள், வீடே நாறும்.

உட்லண்ட்ஸ்வாசி:
நாறிவிட்டது அண்ணே.