மழையில் நனைந்த குறுவை நெல்: டிரையரில் போடலாமா?

குறுவை அறுத்து நாலு நாளாகிறது, வெயிலே இல்லை. ரோட்டோரம் தார்ப்பாயில் கொட்டிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கிறேன், அடியில் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது, லேசாகப் புளித்த வாடையும் வருகிறது. ஈரப்பத மீட்டரில் 22 சதவீதம் காட்டுகிறது, கொள்முதலுக்கு 17-க்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் வாடகைக்கு டிரையர் (அனல் காற்றில் நெல்லைக் காயவைக்கும் இயந்திரம்) இருக்கிறது. அரிசி உடைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
இன்றைக்கே போடுங்கள் அண்ணே. அந்தச் சூடு ஈரநெல் மூச்சுவிடுவதால் வருவது, விட்டால் அரிசி பழுப்பேறிவிடும். உடைவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம்: மணியின் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்போது ஒரே மூச்சில் அனலை ஏற்றினால் உள்ளுக்குள் கீறல் விழுந்து ஆலையில் நொய்யாகப் போகும். ஒரு சுற்று ஓட்டி, சில மணி நேரம் அப்படியே ஆறப்போட்டு, உள்ளீரம் மேலே வந்த பிறகு அடுத்த சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

பதில் 2:
விதைக்கு எடுத்து வைப்பதாக இருந்தால் அந்த நெல்லைத் தனியாகக் காயவையுங்கள். டிரையர் சூடு 43 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு கெடும்.

பதில் 3:
எடைக் கணக்கையும் பாருங்கள். 22-லிருந்து 17-க்கு வந்தால் டன்னுக்குச் சுமார் 60 கிலோ தண்ணீராகவே போய்விடும், அதனால் வாடகையை ஈரநெல் எடைக்கா காய்ந்த எடைக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், வீட்டில் மாதக்கணக்கில் வைக்கும் நெல்லுக்கு 17 போதாது, 14-க்குக் கீழே இறக்குங்கள்.

கேட்டவர்:
சரி, ரொம்ப நன்றி. டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன், சாயங்காலம் ஏற்றுகிறேன்.