புதுப்பிப்பு: 32-பிட் ஆர்ம் டூல்செயினில் 64-பிட் நேரம்

முதல் இழையில் கேட்டது: ரெடிமேடாகக் கிடைக்கும் 32-பிட் ஆர்ம் டூல்செயின் (கம்பைலர், லைப்ரரிகள் அடங்கிய தொகுப்பு) 2038-ஐத் தாண்டுமா? (1970-லிருந்து நொடிகளை எண்ணும் 32-பிட் எண் நிரம்பிவிடும் எல்லை: 2038 ஜனவரி 19, சிங்கப்பூர் நேரம் காலை 11:14:07. அலுவலக நேரம்தான்!)

64-பிட் நேரத்துக்கு லினக்ஸ் கெர்னல் 5.1, ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) 2.34 குறைந்தபட்சம் வேண்டும். கம்பைல் செய்யும்போது கொடுக்கும் 'டைம் பிட்ஸ்' மேக்ரோவை 64 ஆக்கினால் 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்' மேக்ரோவும் 64 ஆகணும். இல்லையென்றால் ஹெடரே பிழை காட்டி நிறுத்திவிடும். மசல் (இன்னொரு சி லைப்ரரி) என்றால் 1.2.0 முதல் தானாகவே 64.

மேக்ரோ உங்கள் கோடை மட்டுமே மாற்றும். டூல்செயினோடு முன்பே பில்ட் ஆகி வந்த ஸ்டாட்டிக் லைப்ரரியில் நேரம் இன்னும் 4 பைட், உங்களிடம் 8. ஸ்ட்ரக்டில் அதற்கடுத்த ஃபீல்டுகள் எல்லாம் இடம் மாறிவிடும். நேரத்தை நேரடியாக வாங்கும் சி++ ஃபங்ஷன் என்றால் சிம்பல் பெயரே மாறி லிங்கர் கத்தும், அது நல்லதுக்குத்தான். சி-யில் சத்தமே வராது, ஓடும்போது குப்பை மதிப்புதான் வரும். ஆகவே லிப்எஸ்டிசி++ (சி++ லைப்ரரி) உட்பட சிஸ்ரூட்டில் (டூல்செயினின் லைப்ரரி, ஹெடர் கோப்பகம்) ஜிலிப்சியைச் சார்ந்து இயங்கும் லைப்ரரிகளை அதே மேக்ரோக்களோடு மறுபடி பில்ட் செய்யுங்கள். பிறகு சிம்பல்களைப் பட்டியலிடும் 'என்எம்' கருவியை ஓட்டி, 'க்ளாக் கெட்டைம்64' போன்ற சிம்பல்கள் தெரிகிறதா பாருங்கள்.

பிரிண்ட்எஃபில் நேரத்தை 'லாங்' என்று அச்சிடும் வரிகளை 'லாங் லாங்' ஆக்குங்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் விவரப் பதிவு) 128 பைட் என்றால், அதை 256 ஆக்காமல் கோப்புத் தேதி 2038-ஐத் தாண்டாது.