குழந்தைக்கு அடிக்கடி வாய்ப்புண்: உடம்புச் சூடுதான் காரணமா?

கேள்வி:
என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று மாதங்களில் நான்காவது முறையாக வாய்ப்புண் வந்திருக்கிறது. மிளகளவில், நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து, கீழுதட்டின் உட்புறம் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் ரசம் சோற்றை வாயில் வைத்ததுமே அழுது துப்பிவிடுகிறாள். உடம்புச் சூடு என்று சொல்லி, மாமியார் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் சமைத்துக் கொடுக்கிறார். ஆறுகிறது, மீண்டும் வருகிறது. உண்மையில் எதனால் வருகிறது?

பதில் 1:
குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கீரை நல்லதுதான், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் சூடு என்ற ஒரே சொல்லோடு தேடலை நிறுத்திவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் தோற்றம் சாதாரண வாய்ப்புண்ணுடையது. ஏழு முதல் பதினான்கு நாட்களில் தானே ஆறிவிடும், பிறருக்குத் தொற்றாது. உதட்டைக் கடித்துக்கொள்வது, கூரான பல், முரட்டுப் பல்துலக்கி, சில பற்பசைகளில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் ஆகியவை இதைத் தூண்டலாம். இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைவா என்று இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது அவசியம். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் குழந்தைக்கும் வருவதுண்டு. கடையில் கேட்டு வாங்கும் ஜெல்களில் சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்து) கலந்தவை உண்டு. அவற்றைக் குழந்தைகளுக்குத் தடவக் கூடாது.

பதில் 2:
காய்ச்சலோடு வந்தால் கதையே வேறு. என் மகனுக்கு இரண்டு வயதில் வாய்ப்புண்ணோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் வந்தன. அது காக்சாக்கி போன்ற வைரஸ்களால் வரும் கை, கால், வாய் நோய் என்றார் மருத்துவர். ஈறு முழுவதும் சிவந்து வீங்கி, எச்சில் ஒழுகினால் ஹெர்பிஸ் என்ற வைரஸின் தொற்றாக இருக்கலாம். எதுவானாலும், வலிக்குப் பயந்து குழந்தை தண்ணீரே குடிக்காமல் போவதுதான் பெரிய ஆபத்து. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாங்கள் ஆறவைத்த நீர்மோரை உப்பில்லாமல் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம்.

பதில் 1:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா வருகிறது?

கேட்டவர்:
நீங்கள் கேட்ட பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று முறை இதே இடம். ஒரு முறை மட்டும் நாக்கினடியில். புண்ணுக்கு நேரெதிரே கீழ்ப்பல் ஒன்றின் முனை உடைந்திருக்கிறது, விரலால் தொட்டால் கீறுகிறது. நாளை பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். நாக்கினடியில் வந்ததற்கும் விடை வேண்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுகிறோம்.