வளையும் மூட்டுக்கு ஓய்வா, வேலையா?

கச்சான்காரி (ஒட்டுசுட்டான்):
பள்ளியில் பெருவிரலை மடக்கி முன்கையில் தொட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியவள் நான். இப்போது 34 வயது. கிணற்றில் வாளி இழுத்தால் தோள்மூட்டு நழுவுகிறது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா என்று கிளினிக்கில் பெய்ட்டன் கணக்குப் பார்த்தார்கள், 9க்கு 7. மாமி ஓய்வெடு என்கிறார். எடுக்கலாமா?

மாங்குளத்தான்:
மாமி சொல்வதுதான் சரி. கழன்ற மூட்டோடு வேலை செய்வதா? முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டி, இரண்டு மாதம் பேசாமல் இருங்கள் தங்கச்சி.

குளக்கட்டு:
அப்படி இருந்து கெட்டவள் நான். முழங்கால் நழுவியதும் இரண்டு மாதம் படுத்தேன். தொடை மெலிந்தது. எழும்பி நடந்த கிழமையே கிரவல் ரோட்டில் கால் பிரண்டது. எங்களுக்கு உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் பிழை, எலும்புகளை இணைக்கும் நார் தளர்வு. மூட்டைப் பிடித்து வைத்திருப்பது தசைதான். அதையும் கரைய விட்டால்?

மாங்குளத்தான்:
கச்சான் பிடுங்குகிற ஆளுக்குத் தசை இல்லையா? வேலைதான் மருந்தென்றால் அவருக்கு ஏன் நோகிறது?

குளக்கட்டு:
நல்ல கேள்வி அண்ணை. தோட்ட வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தால் முழங்கால் கடைசி மடிப்பிலேயே கிடக்கும். பிசியோ எனக்குச் சொன்னது: சின்னப் பலகையில் இரு, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பு, நிற்கும்போது முழங்காலைப் பின்னுக்குப் பூட்டாதே, பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டு. சலிப்பான வேலைதான். ஆறு மாதத்துக்குப் பிறகே வித்தியாசம் தெரிந்தது.

யோகாப்பிரியன்:
தினமும் நன்றாக இழுத்து வளைத்தால் எல்லாம் சரியாகும்.

குளக்கட்டு:
தம்பி, வளைவது போதாமலா நாங்கள் இங்கே வந்தோம்?

கச்சான்காரி:
எழும்பினால் தலையும் சுற்றுகிறது. உப்பும் தண்ணீரும் கூட்டச் சொல்கிறார்களே?

மாங்குளத்தான்:
இதில் விடமாட்டேன். வவுனியாப் பக்கம் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் பழுது! பிரஷரும் சிறுநீரகமும் பார்க்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

குளக்கட்டு:
அண்ணை சொல்வது முழுக்கச் சரி. கிளினிக்கில் கேட்டுவிட்டே கூட்டுங்கள். வாளியை மட்டும் இன்றைக்கே அரைவாசியாக்குங்கள்.

கச்சான்காரி:
அரை வாளியென்றால் இரண்டு மடங்கு தரம் இழுக்க வேணுமே அக்கா?

குளக்கட்டு:
மற்ற அரைவாசிக்கு மாமியின் மகன் இருக்கிறார்தானே.