ஜப்பானில் பனிச்சறுக்கு: சீசன் பாஸ் எடுக்கலாமா?

வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. நான் பார்த்த ஒரே பனி, மூணாறில் புல்மேல் படிந்திருந்த உறைபனிதான். டென்வரில் இருக்கும் தம்பி எபிக் பாஸ் (பல பனிச்சறுக்கு மையங்களுக்கும் சேர்த்து ஒரே சீசன் பாஸ்) வைத்திருக்கிறான். அதை வைத்தே அங்குள்ள பிரெக்கன்ரிட்ஜ், வெயில் மையங்களுக்கெல்லாம் போய்வருகிறான் (பேர்தான் வெயில், கொட்டுவது பனியாம்!).

அதே பாஸில் ஜப்பானின் ஹகுபாவில் தொடர்ந்து 5 நாள் சறுக்கலாம், பிப்ரவரியில் அங்கே சந்திப்போம், நீயும் ஒன்று எடு என்கிறான். டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனை முடிந்துவிடுமாம். ஆனால் அந்தப் பாஸ் சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிப்டுக்கு மட்டும்தான். பூட்ஸ், பலகை வாடகை, பயிற்சி வகுப்பு எல்லாம் தனிச் செலவு. முதல் இரண்டு நாள் விழுந்து எழுவதற்கே சரியாக இருக்கும் எனக்கு, அன்றன்றைக்கு டிக்கெட் எடுத்தால் போதாதா?

கொச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், நம்மூர்ப் பயணக் காப்பீட்டில் சறுக்கி விழுந்து கால் உடைந்தால் பணம் தருவார்களா?