வண்டி பின்னால் உட்கார்ந்தால் அது தளர்வா, அமர்வா?

வணக்கம். வண்டிப் பாகங்களுக்கும் பழுதுகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> பழைய வண்டியின் பின் ஸ்பிரிங் இறங்கிப்போவதற்கு "வில் தளர்வு" என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். அந்தத் தப்புக்கு நான் கைக்காசு கொடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 2008 பொலேரோ. பின்னால் பட்டைவில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு சேர்த்து இறுக்கிய பிளேட் கட்டு. போன வருடம் ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நானோ டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கிக்கொண்டதால் வெளிச்சம் நேராக அவர்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் "ஸ்பிரிங் லூசாயிடுச்சு சார், ஷாக்கை மாத்தினா சரியாயிடும்" என்று இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். வண்டி ஒரு விரல்கூட ஏறவில்லை. எப்படி ஏறும்? எடையைச் சுமப்பது வில், ஷாக் அப்சார்பர் அந்த வில்லின் ஆட்டத்தை அடக்குவதோடு சரி. (அதற்கு "அதிர்வுதாங்கி" என்று பெயர் வைத்தோமே, அதுவும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அது வண்டியைத் தாங்குவதே இல்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

அப்புறம் நாமக்கல் பக்கம் லாரிக்கு பிளேட் வேலை பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்தார். இடது பக்கம் வலதைவிட 3 செ.மீ. குறைவு. "லூசெல்லாம் ஆகலை தம்பி, உட்கார்ந்துருச்சு" என்றார். கழற்றித் தரையில் போட்டபோது பார்த்தேன், வில்லாக வளைந்திருக்க வேண்டிய மெயின் பிளேட் ஸ்கேல் மாதிரி கிடந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். எஃகு தளர்வதில்லை. அந்த பிளேட் கட்டினை 1 செ.மீ. அமுக்கப் புதிதில் எவ்வளவு எடை வேண்டியிருந்ததோ, ஏறக்குறைய அதே எடைதான் இப்போதும் வேண்டும். விறைப்பு அப்படியே இருக்கிறது, போனது வளைவுதான். வருடக்கணக்கில் சுமை ஏற்றி ஏற்றி, நடுநடுவே பள்ளத்தில் இறக்கியும் அடித்ததில், பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாத அளவுக்கு உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துவிட்டது. "தளர்வு" என்றால் இறுக்கினால் சரியாகும் என்று தோன்றும். இறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஆக நமக்கு வேண்டியது இரண்டு சொல். ஆள் ஏறினால் தாழ்ந்து, இறங்கினால் உயர்கிறதே, அது நல்ல வில்லுக்கும் உண்டு, அதற்கு "அமிழ்வு" போதும். சுமையெல்லாம் இறக்கின பிறகும் மேலே வராமல் நின்றுவிடுகிறதே, அதற்கு என் பரிந்துரை "வில்லமர்வு". பட்டறைச் சொல்லான "உட்கார்ந்துருச்சு" அதில் அப்படியே இருக்கிறது. அமர்வு என்றால் கருத்தரங்கு நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். முன்னால் "வில்" என்ற சொல் நிற்கும்போது யாரும் கருத்தரங்குக்குப் போக மாட்டார்கள்.

மற்றவர்கள் சொன்ன சொற்களில் "தொய்வு" கயிற்றுக் கட்டிலுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் சரி, எஃகுப் பட்டைக்கு ஒட்டவில்லை. அதோடு இலங்கை நண்பர்களுக்குத் தொய்வு என்றால் ஆஸ்துமா. "குந்தல்" எனக்குப் பிடித்த சொல், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி பின்பக்கம் ஒரு நொடி தாழ்கிறதே, அதற்கென்று எடுத்துவைப்போம்.

ஸ்பிரிங்குக்கு "சுருள்" போதுமே என்ற கருத்தோடும் உடன்பாடில்லை. பாடப்புத்தகத்தில் சுருள்வில் தராசு படித்த பழக்கம் அது. பட்டையில் ஏது சுருள்? பட்டைகளை அடுக்கிக் கட்டிய மாட்டுவண்டிக்கு நம் ஊரில் வில்வண்டி என்றுதான் பெயர். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தடையை மீறிப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனதும் வில்லுவண்டிதான். சொல் கையில் இருக்கிறது, புதிதாக எதற்கு? ரியர் சஸ்பென்ஷன் என்பது தானியங்கி மொழிபெயர்ப்பில் "பின்புற இடைநீக்கம்" என்று வந்து விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் வண்டிக்கு யாரோ மெமோ கொடுத்த மாதிரி இருக்கிறது.

பழுது பார்க்கும் சொற்களில் இரண்டு. பழைய பட்டையை அடித்து மறுபடி வளைப்பதற்கு "வளைவேற்றம்". ஒருவர் "நாணேற்றல்" என்றிருந்தார், அழகுதான், ஆனால் இந்த வில்லில் நாண் எங்கே? சூடேற்றிப் பதப்படுத்தாமல் வெறும் அடியில் ஏற்றிய வளைவு சீக்கிரமே மறுபடி உட்காரும் என்று பெரியவரே சொன்னதால் நான் இரண்டு பக்கமும் புதுக் கட்டு போட்டுக்கொண்டேன். கூடுதலாக ஒரு பிளேட் செருகுவதற்கு "துணைப்பட்டை". அதைப் போட்டால் விறைப்பும் கூடும், காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அதனால் அதை வளைவேற்றத்தோடு ஒரே சொல்லுக்குள் அடைக்க வேண்டாம்.

மீதி ஷேக்கிள். பட்டைவில்லின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைத்து, வில் அமுங்கும்போது அதன் நீளம் கூடுவதற்கு இடம்விட்டு முன்னும் பின்னும் ஆடுகிற அந்தக் கொக்கி. அதை 5 செ.மீ. நீளமாக்கினால் வண்டி ஏறக்குறைய 2.5 செ.மீ.தான் உயரும், அச்சும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், அதனால் பெரியவர் அந்தக் குறுக்குவழியே வேண்டாம் என்றார். "ஊசற்கொளுவி" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே வாயில் நுழையவில்லை. யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?