மனதை விட்டு இன்னும் அகலாத ஒரு விசில்: வாலிபால் அனுபவங்கள்

மன்னார்குடி வட்டாரத்திலிருந்து:
திருவிழா இரவுப் போட்டியின் இறுதி ஆட்டம், ஐந்தாவது செட், 13-13. அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் எங்கள் செட்டர் அப்போது ஒன்றாம் இடத்தில், அதாவது பின்வரிசையில் இருந்தார். எதிரணியின் சர்வீஸ் அடிபட்டவுடன் வழக்கம்போல் வலையருகே ஓடி வந்தார். முதல் பாஸ் தேவைக்கு மேல் நீண்டு வலையை நோக்கிப் போனதால், அவர் எம்பி, வலையின் மேல்நாடாவுக்கு முழுவதும் மேலே இருந்த பந்தை ஒற்றைக் கையால் பக்கவாட்டில் தட்டினார். அந்த நொடியில் பந்தைத் தடுக்க எதிரே எம்பியிருந்த பிளாக்கரின் விரல்நுனி அதில் பட்டது. பின்வரிசை ஆட்டக்காரர், வலைக்கும் மூன்று மீட்டர் கோட்டுக்கும் இடைப்பட்ட முன்பகுதியிலிருந்து வலைக்கு மேலிருந்த பந்தைத் தாக்கிவிட்டார் என்று நடுவர் விசில் ஊதிப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். விதி எனக்குத் தெரியும். என் கேள்வி அந்த விரல் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே. பந்து எங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பிளாக்கர் கை நீட்டித் தொட்டிருந்தால், தவறு அவருடையதல்லவா?

வடமராட்சியிலிருந்து:
கரப்பந்தாட்டம், அதாவது வாலிபால், 1991 முதல் எங்கள் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கற்ற விதியையே விதி என்று நம்புகிறது. மூத்தோருக்கான ஆட்டமொன்றில் எதிரணி அடித்த சேர்விஸ் வலையின் மேல்நாடாவில் உரசி, இந்தப் பக்கம் சோர்ந்து விழுந்தது. சேர்விஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற, 15 புள்ளி செற் காலத்தில் ஆடிப் பழகிய அறுவரும் ஒருவரும் அசையாமல் நின்று, தவறென்று விசில் வரும் என்று நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் வந்தது, ஆனால் புள்ளி மறுபக்கத்துக்குப் போனது. வலையில் பட்டுக் கடக்கும் சேர்விஸ் செல்லும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டார்கள் என்பதை இளம் நடுவர் பொறுமையாக விளக்கினார். அணித் தலைவரோ, அப்படியென்றால் வலை எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் விடை கிடைக்கவில்லை.

கோவையிலிருந்து:
முதலில் எழுதிய நண்பருக்கு: பிளாக்கர் வலைக்கு மேல் கை நீட்டுவதற்குத் தடையே இல்லை. எதிரணியின் தாக்குதல் நடப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தில் பந்தைத் தொடுவதுதான் தவறு. பந்து வலைக்கு நேர்மேலே வந்து அங்கே விரல் பட்டிருந்தால், உங்கள் செட்டரின் தாக்குதல் அந்தத் தொடுதலிலேயே முழுமையடைந்துவிடுகிறது, நடுவர் சரி. இதை வலைக்கு நேராக மேடையில் நிற்பவர்தான் பார்க்க முடியும், பக்கத்திலிருந்து பார்ப்பவர்களால் முடியாது.

என் அனுபவம் சிறியது. கல்லூரிப் பெண்கள் ஆட்டமொன்றில் சர்வீஸைப் பெறும் அணியின் ஐந்தாம் இடத்துப் பெண் (பின்வரிசை இடப்புறம்), அவருக்கு நேர் முன்னால் இருக்க வேண்டிய நான்காம் இடத்துப் பெண்ணைவிட வலைக்கு அருகில் நின்றுவிட, பந்து தரையைத் தொடும் முன்பே விசில் வந்தது. ஏன் என்று அரங்கில் ஒருவருக்கும் புரியவில்லை.

பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். பின்வரிசையில் உள்ளவர் தமக்கு நேர் முன்னால் இருக்க வேண்டியவரைவிட வலைக்கு அருகில் நிற்கக் கூடாது என்ற கணக்கு, சர்வீஸ் அடிக்கப்படும் அந்த ஒரு நொடிக்கு மட்டுமே உரியது. பந்து அடிபட்டவுடன் யாரும் எங்கும் ஓடலாம். 2025 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்புத்தகம் சர்வீஸ் போடும் அணியை இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. ஆகவே பழக வேண்டியது பெறும் அணியின் நிலைகள்தாம். ஆட்டக்காரர்கள் இடம் மாறி வரும் ஆறு சுழற்சிகளையும் பந்தே இல்லாமல் நிற்கவைத்துப் பழக்குங்கள். பின்வரிசைச் செட்டருக்கு இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: வலையை ஒட்டி வரும் பந்துக்கு எம்பாமல், அதன் அடிப்பகுதியாவது மேல்நாடாவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து தொட்டால், அது மறுபக்கம் போனாலும் தவறாகாது.

தூத்துக்குடியிலிருந்து:
விதி மாறியதற்கு வடமராட்சி ஐயா வருந்துகிறார். மாறி மறுபடி திரும்பி வந்த விதியை என்னவென்று சொல்வது? 2009-க்குப் பின் சில ஆண்டுகள் மேல்நாடாவைத் தொடுவதே பெரும்பாலும் தவறாகக் கருதப்பட்டது. 2015-இல், பந்தை ஆடும் செயலின்போது வலையின் இரு ஓரங்களிலும் நிற்கும் ஆன்டெனாக் கம்பிகளுக்கு நடுவே வலையில் எங்கே பட்டாலும் தவறு என்றார்கள். ஆனால் எதிரணியின் ஸ்மாஷ் வலையில் மோதி, வலையே வந்து பிளாக்கரின் மார்பில் பட்டால் அது தவறில்லை. எங்கள் ஊர் ஆட்டத்தில் இதற்கு விசில் ஊதியதைக் கண்ணால் பார்த்தேன். வலை வந்து என்னைத் தொட்டது, நான் அதைத் தொடவில்லை என்று அந்தப் பிளாக்கர் கைகூப்பிச் சொல்லியும் பலனில்லை.

சேலத்திலிருந்து:
நான் ஸ்கோர் எழுதும் மேசையில் இருந்தேன். 24-23, செட் புள்ளி. முன்னணியில் இருந்த அணியின் லிபெரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர், முன்பகுதியில் நின்று விரல்களால் பந்தை அழகாக உயர்த்த, அடிப்பவர் அதை வலைக்கு மேலே வைத்து எதிர்ப்பக்கத்தில் இறக்கினார். அணியினர் கட்டிப்பிடித்துக் கொண்டாடத் தொடங்கிய பிறகுதான் புள்ளி எதிரணிக்கு என்று தெரிந்தது. அதே பந்தை அவர் முன்கையால் எடுத்துக் கொடுத்திருந்தால் செல்லும். மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து விரல்களால் கொடுத்திருந்தாலும் செல்லும். லிபெரோவின் கால் கோட்டைத் தாண்டவில்லை, கோட்டின் மேல்தான் இருந்தது என்று அணித் தலைவர் வாதிட்டார். கோட்டின் அகலமும் முன்பகுதியைச் சேர்ந்ததே என்பதால், அந்த வாதம் அவர்களுக்கே எதிரான சாட்சியமாகிவிட்டது.